மட்டாஞ்சேரி மிளகும் டாலர் வரவும்: இடைநிலை நிறுவனம் வழியே பணம் பெறுவோர்க்கான வரிக் குறிப்புகள்

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் கோடியில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூத ஆலயத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய செப்பேடுகள் காக்கப்பட்டு வருகின்றன. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகர் தலைவரான ஜோசப் ரப்பானுக்கு முயிரிக்கோட்டிலிருந்து வழங்கிய சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து, மொழி, தமிழும் மலையாளமும் முற்றிலும் பிரிந்துவிடாத காலத்து மொழி. 72 உரிமைகளை வழங்கும் அச்சாசனம், ரப்பானுக்கு உல்கும் துலாக்கூலியும் விலக்கப்பட்டன என்று கூறுகிறது. உல்கு என்பது சுங்கம். துலாக்கூலி என்பது சரக்கை நிறுப்பதை ஒட்டி எழும் கூலி. இரண்டும் வணிகரின் கையிலிருந்து கழிபவைதாம். ஆயினும் சாசனம் அவற்றை ஒன்றாகக் குழப்பாமல் வெவ்வேறு பெயரிட்டே எழுதியிருக்கிறது.

இன்று அதே தெருவில் மிளகும் ஏலமும் சுக்கும் விற்கும் சிறு வணிகர் பலர், ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் உள்ள வீடுகளுக்கு நேரடியாகப் பொட்டலம் அனுப்புகின்றனர். விலை இணையத்தில் செலுத்தப்படுகிறது. இடையில் ஒரு நிறுவனம் அதைப் பெற்று, தன் கட்டணத்தைக் கழித்து, செலாவணியை மாற்றி, எஞ்சியதை நம் நாட்டு வங்கிக் கணக்கில் வரவு வைக்கிறது. வரவு வைக்கப்பட்ட தொகையையே விற்பனைத் தொகை என்று பேரேட்டில் எழுதிவிடுகிறார்கள் பலர். கழிந்தது கூலியா, வரியா, செலாவணி வேறுபாடா என்று பிரித்து எழுதும் பழக்கம் அருகிவிட்டது. வருமான வரி, ஜி.எஸ்.டி., அந்நியச் செலாவணி ஆகிய மூன்று துறைகளிலும் தொல்லை தொடங்குவது இந்த ஓர் இடத்தில்தான்.

மட்டாஞ்சேரிக்கு இடைத்தரகு புதிதன்று. தமிழரும் குஜராத்தியரும் கொங்கணியரும் மலையாளிகளும் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கும் ஊர் இது. 1957 முதல் மிளகின் முன்பேர வணிகம் யூதர் தெருவில்தான் நடைபெற்றது. தொலைவிலுள்ள பணத்தைக் கழிவு பிடித்துக்கொண்டு கைக்குக் கொண்டுவரும் உண்டியலும் இத்தெருவினர் அறிந்ததே. இரங்கூனிலும் கொழும்பிலும் வணிகம் செய்த நகரத்தார் குடும்பங்களுக்கும் அச்சொல் பழக்கமானது. இணையவழி இடைநிலை நிறுவனம் செய்வதும் ஏறக்குறைய அதுதான். வேறுபாடு என்னவெனில், உண்டியல்காரர் யார் என்பது வணிகருக்குத் தெரியும். இங்கே, தாம் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் எந்த நாட்டுப் பதிவுடையது என்பதே பலருக்குத் தெரியாது.

ரிசர்வ் வங்கி இத்தகைய நிறுவனங்களை ஏற்றுமதிப் பணத்துக்கு முறைப்படி அனுமதித்தது 2010 நவம்பரில். அப்போது ஒரு விற்பனைக்கான உச்சவரம்பு 500 டாலர். 2011 அக்டோபரில் அது 3,000 டாலராகவும், 2013 ஜூனில் 10,000 டாலராகவும் உயர்ந்தது. 2023 அக்டோபர் 31 அன்று வெளியான விதிகளின்படி, எல்லை கடந்த பணப் பரிமாற்றத்தில் ஈடுபடும் பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் நேரடி மேற்பார்வைக்குள் கொண்டுவரப்பட்டன. வரம்பும் 25 லட்சம் ரூபாயாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2023 ஜூலையில், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தகவல் அளிக்கக் கடமைப்பட்ட நிறுவனமே பேபால் என்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நிறுவனத்தின் மீது விதிக்கப்பட்ட அபராதத்தை மட்டும் நீக்கியது. இவ்வழியே வரும் பணம் அரசின் கண்ணுக்குத் தெரியாது என்று எவரேனும் எண்ணியிருந்தால், அக்காலம் கடந்துவிட்டது.

ஆயிரம் டாலரின் பயணம்

கணக்குக்காக ஒரு விற்பனையை எடுத்துக்கொள்வோம். மட்டாஞ்சேரி வணிகர் ஒருவர் ஹாம்பர்க் நகரிலுள்ள ஒரு சிறு கடைக்கு 1,000 டாலருக்கு மிளகு அனுப்புகிறார். இடைநிலை நிறுவனத்தின் கட்டணம் 4 சதவீதம், அதாவது 40 டாலர். எஞ்சிய 960 டாலரை ரூபாயாக மாற்றும்போது, சந்தை விலையைவிட 3 சதவீதம் குறைவாக மாற்றுகிறது. அது 28 டாலர் 80 சென்ட். ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால், விற்பனை 85,000 ரூபாய். வங்கிக்கு வந்தது 79,152 ரூபாய். இடையில் கழிந்தது 5,848 ரூபாய்.

ஏட்டில் எழுத வேண்டிய விற்பனை 85,000 ரூபாயே. 3,400 ரூபாய் சேவைக் கட்டணச் செலவு. 2,448 ரூபாய் செலாவணி மாற்றுச் செலவு. இவ்வாறு எழுதினாலும், 79,152 ரூபாய் என்று ஒரே வரியில் எழுதினாலும் இலாபம் ஒன்றுதானே என்று கேட்கலாம். இலாபம் ஒன்றுதான், விற்றுமுதல் ஒன்றன்று. ஷிப்பிங் பில்லில் 1,000 டாலர் இருக்கிறது. ஜி.எஸ்.டி. விவர அறிக்கையிலும் அதுவே செல்ல வேண்டும். வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஜி.எஸ்.டி. விற்றுமுதல் இடம்பெறுகிறது. வருமான வரி அறிக்கையில் மட்டும் நிகரத் தொகை காணப்பட்டால், இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு தானாகவே வெளிப்படும். ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் ஏற்றுமதி செய்பவருக்கு, மேற்கண்ட விகிதத்தில், அவ்வேறுபாடு 4,12,800 ரூபாய்.

உத்தேச வருமான முறையில் வரி செலுத்தும் சிறு வணிகர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மின்னணு முறையில் பெற்ற விற்றுமுதலில் 6 சதவீதத்தை இலாபமாகக் காட்டும் முறை அது. 60 லட்சத்துக்கு அது 3,60,000 ரூபாய். அந்த 6 சதவீதம் முழு விற்றுமுதலின் மீதே கணக்கிடப்படும். இடைநிலை நிறுவனத்தின் கட்டணத்தை அதிலிருந்து தனியே கழிக்க இயலாது. மேலே கண்ட உதாரணத்தில், காட்டப்படும் இலாபத்தைவிட இடைநிலைச் செலவே மிகுதி என்பதைக் கவனியுங்கள். உண்மை இலாபம் அந்த அளவுக்குக் குறைந்தவர், முறையாகக் கணக்கு எழுதித் தணிக்கை செய்துகொள்வதே மேல்.

ஒரே டாலருக்கு மூன்று மதிப்புகள் இருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். சரக்கு ஏற்றுமதியின் ஜி.எஸ்.டி. மதிப்புக்குச் சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதம். கணக்கேட்டுக்கு விற்பனை நாளின் விகிதம். கைக்கு வருவது இடைநிலை நிறுவனத்தின் விகிதம். மூன்றும் ஒத்துப்போகா, ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்தினோம் என்று ஒரு குறிப்பு இருந்தால் போதும்.

இடைநிலை நிறுவனம் சில நேரங்களில் பணத்தை விடுவிக்காமல் நிறுத்தி வைக்கும். வாடிக்கையாளர் புகார் ஒன்று நிலுவையில் இருக்கலாம். காப்புத் தொகையாகவும் பிடித்து வைக்கலாம். மார்ச் மாதம் விற்ற சரக்கின் பணம் மே மாதம் வந்தாலும், வணிக நடைமுறைக் கணக்கு எழுதுபவருக்கு வருமானம் மார்ச் மாதத்ததே. பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் வரி தள்ளிப்போவதில்லை. அவ்வாறு அங்கே தங்கும் இருப்பு வங்கி வைப்பும் அன்று. ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் 2020 ஜூனில் வீழ்ந்தபோது, அதன் பிரிட்டிஷ் துணை நிறுவனத்தின் செயல்பாடுகளை அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை ஆணையம் நிறுத்தி வைத்தது. அதன் வழியே பணம் வைத்திருந்தோர் சில நாட்கள் தம் பணத்தைத் தொட இயலாமல் தவித்தனர்.

வங்கியின் பக்கத்தில் எழும் சிக்கல் வேறு. ஷிப்பிங் பில் 1,000 டாலருக்கு இருக்க, வந்தது 931 டாலர் என்றால், ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்புப் பதிவில் 69 டாலர் வராத பணமாக நின்றுவிடும். சிறு தொகைதான், ஆனால் 200 பில்களில் 200 சிறு தொகைகள். இதை உணர்ந்தே, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பில்களை ஏற்றுமதியாளரின் எழுத்துபூர்வ உறுதிமொழியின் பேரில் முடித்துவைக்கவும், மதிப்பில் ஏற்பட்ட குறைவை ஏற்கவும் 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வழிசெய்தது. பணம் வந்து சேர வேண்டிய கெடுவும் அதே ஆண்டு நவம்பரில் ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து மாதமாக நீட்டிக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கில் திறந்தே கிடக்கும் பழைய சிறு பில்களின் பட்டியலைத் தங்கள் கிளையில் கேட்டுப் பெறலாம்.

இன்னொன்று: முப்பது பொட்டலங்களின் விலை ஒரே வரவாக வந்து சேர்கிறது. வங்கி அனுப்பும் வரவுச் செய்தியில் ஒரே தொகைதான் இருக்கும். 2023 நவம்பர் முதல் மின்னணு வங்கி வரவுச் சான்றை ஏற்றுமதியாளர் தாமே அயல்நாட்டு வணிக இயக்குநரகத்தின் தளத்தில் உறுதிசெய்து உருவாக்கிக் கொள்ளலாம். அதற்கு அந்த ஒரு வரவை எந்தெந்த பில்லுக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். பிரிக்க உதவும் ஒரே ஆவணம் இடைநிலை நிறுவனத்தின் தீர்வைப் பட்டியல். பட்டியல் இல்லையேல் சான்று இல்லை. சான்று இல்லையேல் ஜி.எஸ்.டி. திரும்பப் பெறுவதும் தடுமாறும்.

ஒப்பந்தம் யாருடன்?

கட்டணம் வசூலிக்கும் நிறுவனம் இந்தியப் பதிவுடையதாயின் காரியம் எளிது. அது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து விலைப்பட்டியல் தரும். அந்த வரி தங்கள் உள்ளீட்டு வரி வரவில் தோன்றும். ஏற்றுமதி பூச்சிய விகித வழங்கல் ஆகையால், பயன்படாத உள்ளீட்டு வரியைத் திரும்பக் கோரலாம்.

ஒப்பந்தம் சிங்கப்பூரிலோ அயர்லாந்திலோ பதிவான நிறுவனத்துடன் எனில், வெளிநாட்டுச் சேவையைப் பெற்றவர் என்ற முறையில் வரி செலுத்தும் கடமை பெறுபவரிடமே வந்து சேரலாம். ரிவர்ஸ் சார்ஜ் என்று வழங்கப்படும் முறை இதுவே. நம் உதாரணத்தில் 3,400 ரூபாய்க் கட்டணத்துக்கு 18 சதவீதம், 612 ரூபாய். இதை உள்ளீட்டு வரவிலிருந்து ஈடுகட்ட முடியாது. ரொக்கமாகவே செலுத்த வேண்டும். செலுத்திய பின் அதுவே உள்ளீட்டு வரவாகித் திரும்பக் கோரத் தக்கதாகிறது. எப்படியும் திரும்ப வரும் பணம்தானே என்று விட்டுவிடுவோர் உண்டு. ஆண்டுகள் கழித்துக் கேட்கப்படும்போது 18 சதவீத வட்டியும் சேரும். அந்த வட்டி திரும்ப வராது.

ஆனால் இக்கடமை எல்லா ஒப்பந்தங்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தும் என்று கூறிவிட முடியாது. சேவை எந்த நாட்டில் வழங்கப்பட்டதாகக் கருதப்படும் என்பதற்குச் சட்டத்தில் தனி விதிகள் உள்ளன. கணக்கு வைத்திருப்போர்க்கு நிதி நிறுவனங்கள் ஆற்றும் சேவைக்கும், இருவரை இணைக்கும் இடையீட்டாளரின் சேவைக்கும் வழங்குபவரின் நாடே இடம் என்று விதி வகுத்திருந்தது. இடையீட்டாளர் பற்றிய பகுதியை நீக்குமாறு ஜி.எஸ்.டி. மன்றம் 2025 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆகவே, தங்கள் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தில் உள்ள நிறுவனப் பெயரையும், அது தன் சேவையை எவ்வாறு விவரிக்கிறது என்பதையும் ஆடிட்டரிடம் காட்டி, நடப்பு விதியின்படி எழுத்தில் கருத்துப் பெறுவது நன்று.

வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செலுத்தும் கட்டணத்தில் வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டுமா என்பது அடுத்த வினா. பணத்தை நாம் அனுப்பவில்லை, அவர்களே கழித்துக்கொண்டார்கள் என்பது விடையாகாது. கழித்துக்கொள்வதும் செலுத்தியதற்கு ஒப்பானதே. அந்நிறுவனத்துக்கு இந்தியாவில் நிரந்தர வணிக இடம் இல்லையெனில், இரட்டை வரி விலக்கு ஒப்பந்தங்களின்படி அதன் வணிக இலாபத்துக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. அதை நிறுவ, அந்நாட்டின் வரிக் குடியிருப்புச் சான்றும், இங்கே நிரந்தர இடம் இல்லை என்ற அறிவிப்பும் கோப்பில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் சில இவற்றைத் தம் தளத்திலேயே தந்துவிடுகின்றன. பதிவிறக்கம் செய்வார்தாம் குறைவு. வரி பிடிக்க வேண்டியதைப் பிடிக்காவிடில் அச்செலவு முழுவதுமே செலவாக ஏற்கப்படாமல் போகும்.

நிரந்தர இடம் என்பது நாம் நினைப்பதுபோல் அலுவலகமும் பெயர்ப்பலகையும் மட்டுமன்று. சிங்கப்பூரைச் சேர்ந்த மாஸ்டர்கார்டு ஆசியா பசிபிக் நிறுவனத்தின் வழக்கில், இந்திய வங்கிகளின் வளாகத்தில் வைக்கப்பட்டிருந்த பணப் பரிமாற்றக் கருவிகளும் நிரந்தர இடமாக அமையும் என்று 2018 ஜூனில் முன்கூட்டியே தீர்ப்பளிக்கும் ஆணையம் கூறியது. ஒரு பெட்டியளவு கருவி, ஒரு நாட்டின் வரி உரிமையை நிலைநாட்டிவிட்டது. சிறு வணிகர் அவ்வழக்கின் நுணுக்கங்களுக்குள் புக வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவில் வரியே இல்லை என்று இடைநிலை நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வாய்மொழியாகக் கூறுவதைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு அது போதுமான காரணம்.

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தேவையா?

கொச்சியில் மட்டுமன்று, கோவை, கரூர், திருப்பூர் வாடிக்கையாளர்களும் அண்மையில் மிகுதியாகக் கேட்கும் வினா இது. அமெரிக்கப் பணம் பெறும் தளங்கள் சில அமெரிக்க நிறுவனங்களுக்கே எளிதில் கணக்குத் திறக்கின்றன. ஆகவே டெலவேர் மாநிலத்தில் சில நூறு டாலரில் ஒரு நிறுவனம் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று இணைய விளம்பரங்கள் அழைக்கின்றன. பதிவு செய்வது எளிது என்பது உண்மை. என் கருத்தில், பணம் பெறும் வசதி ஒன்றுக்காக மட்டும் அதைச் செய்வது, ஒரு கதவு திறப்பதற்காக வீட்டையே இடம் மாற்றுவது போன்றது.

முதலில் நம் நாட்டுச் சட்டம். இந்தியக் குடியிருப்பாளர் வெளிநாட்டு நிறுவனத்தில் முதலிடுவது 2022 ஆகஸ்ட் 22 முதல் நடப்பிலுள்ள வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்கு உட்பட்டது. தனிநபரின் முதலீடு, ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற தாராளப் பணம் அனுப்பும் திட்ட வரம்புக்குள் அடங்கும். வங்கி வழியே தனி அடையாள எண் பெற வேண்டும். நிறுவனம் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை அளிக்க வேண்டும். வருமான வரி அறிக்கையின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் நிறுவனப் பங்கையும் அதன் கணக்குகளையும் காட்ட வேண்டும். அந்த அட்டவணை நம் நிதியாண்டை அல்லாமல் நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுகிறது என்பது பலர் இடறும் இடம். காட்டத் தவறினால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. அசையாச் சொத்து நீங்கலாக 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. காட்டும் கடமையிலிருந்து விலக்கு இல்லை.

அமெரிக்கச் சட்டமும் உண்டு. வெளிநாட்டவர் ஒருவரே உரிமையாளராக உள்ள அத்தகைய நிறுவனம், வரி ஏதும் இல்லாவிட்டாலும், உரிமையாளருடனான பரிவர்த்தனைகளை 5472 என்ற எண்ணுள்ள படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். மலிவாகப் பதிவு செய்து தரும் விளம்பரங்களில் இத்தொகை இடம்பெறுவதில்லை.

இவற்றுக்கு மேல், மட்டாஞ்சேரிக் கடை தன் அமெரிக்க நிறுவனத்துக்கு மிளகு விற்றால், அவ்விலை அயலார்க்கு விற்கும் நியாய விலையாக இருக்க வேண்டும். தொகை எவ்வளவு சிறிதாயினும் கணக்காயரின் தனி அறிக்கை தேவை. வெளிநாட்டு நிறுவனம் உண்மையில் இந்தியாவிலிருந்தே நிர்வகிக்கப்பட்டால் அதை இந்தியக் குடியிருப்பு நிறுவனமாகக் கொள்ளும் விதி, ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கு மேற்படாத நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 2017-இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவித்தது. ஆறுதலான செய்திதான். எனினும் ஒப்பந்தமும் முடிவும் விற்பனையும் மட்டாஞ்சேரியிலேயே நடந்தால், அந்த இலாபத்துக்கு இந்தியாவில் வணிகத் தொடர்பு உண்டு என்ற வாதத்தை அந்த விலக்கு தடுப்பதில்லை. அமெரிக்காவில் கிடங்கு, பணியாளர், இருப்பு என்று உண்மையான வணிகம் உடையவர்க்கு நிறுவனம் அமைப்பது பொருத்தம். மற்றவர்க்கு, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற எல்லை கடந்த பேமென்ட் அக்ரிகேட்டர் ஒன்றும், உள்ளூர் வங்கிக் கணக்கும் போதும்.

வாங்குவோரின் நாட்டிலும் கணக்கு வைக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல், 150 யூரோவுக்கு மேற்படாத பொட்டலங்களுக்கும் மதிப்புக் கூட்டு வரி உண்டு. விற்பவரே ஒற்றைச் சாளர முறையில் பதிந்து செலுத்தலாம். அங்குள்ள பணச் சேவை நிறுவனங்கள், ஒரு காலாண்டில் ஒருவருக்கு 25-க்கு மேற்பட்ட எல்லை கடந்த வரவுகள் சென்றால், அவ்விவரத்தை வரித்துறைகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. மாதம் ஒன்பது ஜெர்மன் குடும்பங்களுக்கு ஏலக்காய் அனுப்பும் கடைகூட அந்த எண்ணிக்கையைக் கடந்துவிடும். பிரிட்டனிலும் 135 பவுண்டுக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு விற்பவரே வரி வசூலிக்கும் முறை 2021 ஜனவரி முதல் உள்ளது. அமெரிக்காவில் 800 டாலர்வரை தீர்வையின்றி நுழையும் சலுகை 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்தது. விலைப்பட்டியல் வகுக்கும்போதே இவற்றை யார் ஏற்பது என்று வாங்குபவருக்குத் தெரிவித்துவிடுவது, பின்னர் பொட்டலம் திரும்பி வருவதையும் பணம் திருப்பித் தருவதையும் தவிர்க்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுவதால் இக்கட்டுரையில் இந்திய வருமான வரிப் பிரிவு எண்களைத் தவிர்த்திருக்கிறோம். விளம்பரத்துக்காக வெளிநாட்டு இணைய நிறுவனங்களுக்குப் பணம் செலுத்தியோர் பிடித்துவந்த 6 சதவீதச் சமன்பாட்டு வரி 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. பழைய பழக்கத்தில் அதைத் தொடர்ந்து பிடித்து வருவோர் நிறுத்திவிடலாம்.

வரி செலுத்தாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதம் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். ஏப்ரல் மாத முதல் விலைப்பட்டியல் எழுதுவதற்கு முன்னரே ஜி.எஸ்.டி. தளத்தில் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதே நாளில், இடைநிலை நிறுவனத்தின் தளத்திலிருந்து கடந்த பன்னிரண்டு மாதத் தீர்வைப் பட்டியல்களையும் கட்டண விலைப்பட்டியல்களையும் பதிவிறக்கம் செய்து தனிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். கணக்கு முடக்கப்பட்டாலோ நிறுவனம் தன் சேவையை நிறுத்தினாலோ, பின்னர் அவற்றைப் பெறுவது அரிது.